நாக்குப் பங்கு

ஆறாயி கால்வாய்க் கரையில் குந்தி, சிரட்டையில் மொண்ட தண்ணீரை நாக்கு நுனியில் விட்டாள். பிறகு நாக்கின் ஓரங்களில் ஓட விட்டாள். கண்ணை மூடிக்கொண்டு பத்து மூச்சு எண்ணினாள். ஒன்பது வருஷமாகச் செய்கிற வேலை. வாய்க்குள் தண்ணீர் குளிராக இருந்தது, அவ்வளவுதான். அது ஆற்றுத் தண்ணீரா, கடல் ஏறிய தண்ணீரா என்று அவள் நாக்குக்குத் தெரியவில்லை. துப்பினாள்.

மடைப் பலகையின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு அழகர் நின்றார். பதினொரு குடும்பத்துக்கும் பெரியவர் அவர். அவருக்குப் பின்னால் மண்வெட்டிக் காம்பில் நாடியை ஊன்றிக்கொண்டு பேதுரு நின்றான். அமாவாசைக்கு மறுநாள், காலை ஒன்பது மணிதான். அதற்குள் வெயில் முதுகைச் சுட்டது.

“என்ன புள்ள, விடலாமா?”

ஆறாயி சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தாள். துடைக்கிற நேரத்தில் தண்ணீரைப் பார்த்தாள். குஞ்சு மீன்கள் கரையோரமாக ஓடின. நேற்றுச் சாயந்திரம் யாருக்கும் தெரியாமல் துண்டுச் சவர்க்காரத்தை இந்தத் தண்ணீரில் தேய்த்துப் பார்த்திருந்தாள். உப்பென்றால் நுரைக்காது. நுரை வந்த மாதிரியும் இருந்தது, வராத மாதிரியும் இருந்தது.

“விடுங்க மாமா. அரை மடை விட்டாப் போதும்.”

அழகர் பலகையைத் தூக்கினார். கால்வாயை விடப் பள்ளமான கீரைக் காட்டுக்குள் தண்ணீர் சலசலவென்று இறங்கி, பாத்திகளுக்கு நடுவில் ஓடுகிற வாய்க்கால்களில் பிரிந்து போனது. வெடித்துக் கிடந்த மண் அதைக் குடிக்கிற சத்தம் கேட்டது. பேதுரு ஆண்டவருக்குத் தோத்திரம் என்று சொல்லிக்கொண்டு தன் பாத்திக்கு ஓடினான். ஆறாயி மட்டும் குந்தின இடத்திலேயே இருந்தாள். தண்ணீர் போகிற பக்கத்தையே பார்த்தாள்.

நாக்கு மரத்துப்போனது மாசி மாதம் வந்த காய்ச்சல் செய்த வேலை. அந்த வருஷம் கொழும்பு முழுக்கக் கை கால் மூட்டுகளை முடக்கிப் போட்ட காய்ச்சல். ஹெந்தளைச் சதுப்போரத்தில் அது நுழையாத வீடில்லை. எல்லாருக்கும் காய்ச்சல் போனது, மூட்டு வலி நின்றது. ஆறாயிக்கு மட்டும் காய்ச்சல் போகும்போது நாக்கின் ருசியையும் கொண்டு போய்விட்டது. கருவாட்டுக் குழம்பும் கஞ்சியும் ஒன்றாக இருந்தன. இரண்டு நாளில் வரும், நான்கு நாளில் வரும் என்று பார்த்திருந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. வீட்டில் கூட இருக்கிற நாத்தனார் மயிலம்மாவிடம்கூட அவள் சொல்லவில்லை. சொன்னால் பாத்தி போய்விடும்.

அது எப்படியென்றால், அந்தப் பதினொரு குடும்பமும் தேயிலைத் தோட்டங்களில் பஞ்சம் வந்த காலத்தில் பதுளைப் பக்கமிருந்து இறங்கி வந்த குடும்பங்கள். சதுப்பை வெட்டி, சேற்றை அள்ளிப் போட்டுப் பாத்தி கட்டினார்கள். வல்லாரையும் பொன்னாங்காணியும் போட்டுக் கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் கட்டுக் கட்டாகக் கொண்டு போனார்கள். அப்போது தண்ணீரை யாரும் ருசி பார்த்ததில்லை. சித்திரையில் இடி மழை பெய்யும், வைகாசியில் கடற்காற்றோடு பெரிய மழை வரும். களனி ஆறு நிறைந்து போகும். கடல் ஆற்று வாயோடு நின்றுகொள்ளும்.

பிறகு மழை தவணை தப்ப ஆரம்பித்தது. மூன்று மாத மழையை மூன்று நாளில் கொட்டிப் பாத்தியை அரித்துக்கொண்டு போகும். அதற்கப்புறம் இரண்டு மாதம் வானம் வெளுத்துக் கிடக்கும். ஆறு மெலிந்துபோன ஒரு வருஷம் கடல் சத்தமில்லாமல் கால்வாய் வழியாக ஏறி வந்தது. வழக்கம்போல மடையைத் திறந்து விட்டார்கள். ஒரே வாரத்தில் அவ்வளவு கீரையும் வெந்நீர் ஊற்றின மாதிரி வெந்து போனது. மண்ணிலிருந்து உப்பு கழுவிப் போக ஒன்றரை வருஷம் ஆனது. அந்த ஒன்றரை வருஷமும் ஆண்கள் புறக்கோட்டையில் மூட்டை தூக்கினார்கள், பெண்கள் கல்கிசையில் வீட்டு வேலைக்குப் போனார்கள்.

திரும்பி வந்தபோது பாத்தியைத் தேங்காய்த் தும்புத் தூளும் சேறும் போட்டு இரண்டு சாண் உயர்த்தினார்கள். பாதி நிலத்தில் உப்பைக் கொஞ்சம் தாங்குகிற கங்குன் கீரை போட்டார்கள். வெயிலுக்குத் தென்னோலைப் பந்தல் கட்டினார்கள். கலண்டரில் பௌர்ணமிப் போயா நாளைக் கொண்டு கடல் ஏறுகிற நேரமும் இறங்குகிற நேரமும் கணக்குப் பார்க்கப் பழகினார்கள். கடல் இறங்கும்போதுதான் ஆற்றுத் தண்ணீர் கால்வாய்க்குள் வரும். அந்த நேரம் மட்டும் மடைப் பலகை தூக்குவது என்றும், தூக்குவதற்கு முன் ஒருவர் தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்துச் சொல்வது என்றும் முடிவு செய்தார்கள்.

யார் பார்ப்பது? அழகர் ஐந்து சிரட்டையில் தண்ணீர் வைத்து, ஒன்றில் உப்பில்லாமல், மற்றதில் ஒரு கல், இரண்டு கல் என்று போட்டு எல்லாரையும் ருசி பார்க்கச் சொன்னார். வெற்றிலையும் புகையிலையும் தின்று காய்ந்த வாய்கள். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். வெற்றிலை போடாத ஆறாயி மட்டும் ஐந்தையும் வரிசை தவறாமல் எடுத்து வைத்தாள். அன்றிலிருந்து அவள்தான் தண்ணீர் பார்க்கிறவள். காலையில் தேத்தண்ணி குடிக்காமல், மழைத்தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டுத்தான் வருவாள்.

இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு வாய்க்காலில் சேறு அள்ளுவார்கள். வீட்டுக்கு ஓர் ஆண் இறங்க வேண்டும். ஆள் வராத வீட்டுக்குப் பாத்தி இல்லை. ஆறாயி தண்ணீர் பார்ப்பதை ஓர் ஆள் வேலையாக எடுத்துக்கொண்டார்கள். அதற்கு நாக்குப் பங்கு என்று பேர். புருஷன் சின்னராசா வீட்டில் இருந்தவரை அது ஒரு வசதி, அவ்வளவுதான். ஆறு மாதத்துக்கு முன்னால் கொட்டாஞ்சேனைச் சந்தையில் கீரை இறக்கிக்கொண்டிருந்தவனைச் சுற்றிவளைப்பில் ஆமிக்காரர்கள் பிடித்துக்கொண்டு போய், காலிப் பக்கத்து முகாம் ஒன்றில் வைத்திருக்கிறார்கள். என்ன குற்றம் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. அவன் போன பிறகு அந்த வீட்டுக்கும் பாத்திக்கும் நடுவில் இருந்தது ஆறாயியின் நாக்கு ஒன்றுதான்.

மூன்று நாள் கழித்து ஆறாயி உரப்பையில் கீரைக்கட்டுகளை நிறைத்துக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போனாள். அங்கே கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கையில், சிவக்கொழுந்து என்கிற வடக்குத் தீவுப்பகுதிக்காரி இடியப்பம் அவித்து மாடி வீடுகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஊரை விட்டு வந்து பன்னிரண்டு வருஷம். ஐம்பது வயதிருக்கும். இடியப்பத்துக்கு வல்லாரைச் சம்பல் அவள் கையில் போட்டால் தனி ருசி. அதனால் ஆறாயியின் வல்லாரைக்கு அந்த வீட்டில் எப்போதும் இடமுண்டு.

ஆறாயி போனபோது சிவக்கொழுந்து புகைக்குள் நின்று இடியப்பத் தட்டு இறக்கிக்கொண்டிருந்தாள். ஒரு கையால் கீரைக்கட்டை அவிழ்த்து ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டாள். மென்றவள் நிறுத்தினாள். இன்னொரு இலையைக் கிள்ளினாள்.

“பிள்ளை, இது உங்கட பாத்தியில பிடுங்கினதோ?”

“ஆமாங்க அம்மா. நேத்துச் சாயந்திரம் பிடுங்கினது.”

“இது உவர்த் தண்ணி குடிச்ச இலை.”

ஆறாயி உரப்பையின் வாயை இறுக்கிப் பிடித்தாள்.

“நான் உன்னைப் பிழை சொல்லேல்ல. எங்கட ஊர்க் கிணறு முழுக்க உவர். நல்ல தண்ணிக் கிணறு எண்டு ஒண்டு கிடந்தது, அதுக்கும் மூண்டு மைல் நடக்கவேணும். தண்ணியை வாயில விட்டா எந்தக் கிணறு எண்டு சொல்லிப்போடுவன். இது உப்பு. கனக்க இல்ல, ஆனா உப்பு. உங்கட ஆக்கள் தண்ணி பார்த்துத்தானே விடுறவை?”

ஆறாயி அடுப்படியில் குந்திவிட்டாள். அழுகை வரவில்லை. மூன்று வாரமாக நெஞ்சில் கிடந்ததை ஒரு மூச்சில் சொன்னாள். காய்ச்சல், நாக்கு, சவர்க்காரம், பேதுருவின் பாத்தியில் நேற்றிலிருந்து வல்லாரை ஓரம் கருகுவது, அவன் உரக் கடைக்காரனைத் திட்டிக்கொண்டு திரிவது, எல்லாம். சிவக்கொழுந்து கேட்டுக்கொண்டே வெந்த இடியப்பத்தை எடுத்து அடுக்கினாள். அடுத்த தட்டை அடுப்பில் ஏற்றிவிட்டுத்தான் திரும்பினாள்.

“நாக்கு உனக்குத்தானே இல்லை. எனக்குக் கிடக்குது. நாளைக்குத் தண்ணியைக் கொண்டு வா.”

“இம்புட்டுத் தூரமா?”

“பின்ன, என்னைக் கொண்டுபோய் உன்ர வாய்க்கால் கரையில குடிவைக்கப் போறியோ?”

மறுநாளிலிருந்து ஆறாயி விடியலில் ஒரு சோடாப் போத்தலில் கால்வாய்த் தண்ணீரை அடைத்து, கீரைக்கட்டுகளுக்கு நடுவில் நிறுத்திக்கொண்டு பஸ் ஏறினாள். அழகரிடம் ஒரு பொய் சொல்லியிருந்தாள். தண்ணீர் இப்போது ஒரு நாளைக்குள்ளேயே இரண்டு விதமாக மாறுகிறது, ஒரு வாயில் சொல்ல முடியவில்லை, விடியலிலும் பார்த்துவிட்டு மத்தியானம் வந்து ஒரே முடிவாகச் சொல்கிறேன் என்றாள். அந்த வாரம் கடல் இறங்குகிற நேரம் நாளுக்கு நாள் மத்தியானத்துக்குத் தள்ளிப் போய்க்கொண்டிருந்ததால் அழகர் தலையாட்டினார். பேதுருவுக்குத்தான் வாய் சும்மா இருக்காது. ஹெந்தளைக் கடற்கரைக்காரன், அழகரின் தங்கை மகளைக் கட்டிக்கொண்டு பாத்திக்கு வந்தவன்.

“முந்தியெல்லாம் அக்கா துப்பின உடனே தீர்ப்பு. இப்ப விசாரணை, வழக்கு, மறு தவணை. நாக்குக்கு ஒரு லோயர் வச்சிருக்கா போல,” என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். ஆறாயியும் சிரித்தாள். மயிலம்மா மட்டும் சிரிக்காமல் அவளையே பார்த்தாள். அன்று ராத்திரிச் சோற்றுக்கு வேண்டுமென்றே உப்புப் போடாமல் கீரை கடைந்து வைத்தாள். ஆறாயி ஒன்றும் சொல்லாமல் தின்றாள். மயிலம்மாவும் ஒன்றும் சொல்லாமல் தின்றாள். தட்டைக் கழுவும்போது, “ஒன் புருஷன் வர்ற வரைக்குமாவது அந்தப் பாத்தி நமக்கு வேணும் ஆறாயி,” என்று மட்டும் சொன்னாள்.

நான்கு நாள் போத்தல் போனது. விடியத் தண்ணீரே நல்லதென்றால் இறக்கத்துத் தண்ணீர் இன்னும் நல்லதாக இருக்கும் என்பது சிவக்கொழுந்தின் கணக்கு. முதல் நாள் நல்லது என்றாள். மடை திறந்தது. அடுத்த மூன்று நாளும் வாயில் விட்டு, முகத்தைச் சுளித்து, “திறக்க விடாதை பிள்ளை,” என்று சொல்லிவிட்டாள். மடை மூடியே கிடந்தது. பாத்திகள் வெடிக்க ஆரம்பித்தன. வல்லாரை படுத்துவிட்டது. கங்குன் தண்டுகள் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டன. வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை வாளியில் சுமந்து ஊற்றினார்கள், கிணறும் அடி தட்டியது. நான்காம் நாள் சாயந்திரம் அழகரைச் சுற்றி ஆட்கள் கூடிவிட்டார்கள். உப்பில் சாவதும் தண்ணீர் இல்லாமல் சாவதும் ஒன்றுதானே என்று கேட்டார்கள். நாளைக்கு இறக்கம் மூன்று மணிக்கு, நாளைக்கு ஆறாயி சொல்கிறதைக் கொண்டு முடிவு, அதற்கு மேல் தள்ள முடியாது என்றார் அழகர்.

ஐந்தாம் நாள் காலை ஆறாயி ஏறிய பஸ் களனிப் பாலத்தடியில் நின்றது. முன்னால் ஐம்பது வாகனம் நின்றன. எங்கேயோ குண்டு வெடித்ததாம். எங்கே என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. எல்லாரையும் இறங்கச் சொன்னார்கள். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. பெண் பொலிஸ் ஒருத்தி அடையாள அட்டையை வாங்கிப் பிறந்த இடத்தைப் பார்த்தாள், பொலிஸ் பதிவுத் துண்டைப் பார்த்தாள். புருஷன் எங்கே என்று சிங்களத்தில் கேட்டாள். வேலைக்குப் போயிருக்கிறார் என்று ஆறாயி சொன்னாள். சொல்லிவிட்டு அட்டைக்குக் கையை நீட்டினாள். பெண் பொலிஸ் அட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போன நேரத்தில், உரப்பையைக் கிளறிக்கொண்டிருந்த ஆமிக்காரன் போத்தலைத் தூக்கிப் பிடித்தான். சதுப்புத் தண்ணீர், வெளுத்த தேத்தண்ணி நிறம். வெயிலில் அது இன்னும் மோசமாகத் தெரிந்தது.

“மேக்க மொனவத?” என்றான். இது என்ன என்று கேட்கிறான்.

“வத்துர மாத்தயா. கால்வாய் வத்துர.”

கால்வாய்த் தண்ணீரை எதற்கு வெள்ளவத்தைக்குக் கொண்டு போகிறாய் என்று கேட்டார் அருகில் வந்த பெரிய அதிகாரி. ஆறாயிக்குத் தெரிந்த சிங்களம் கீரை விற்கிற சிங்களம். யோசித்துப் பொய் சொல்ல அது போதாது. ருசி பார்க்க என்று உண்மையைச் சொல்லிவிட்டாள். வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. போத்தலை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“எஹெனங் பொன்ன.”

அப்படியென்றால் குடி. ஆறாயி மூடியைத் திறந்து நாலு வாய் குடித்துவிட்டு நிறுத்தினாள். போத்தலில் முக்கால் பங்கு இருந்தது. சிவக்கொழுந்துக்கு ஒரு வாய் போதும். போத்தலை மூடப் போனாள்.

“ஒக்கொம,” என்றார் அதிகாரி. எல்லாவற்றையும்.

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு குடித்தாள். நடுவில் ஒரு தரம் நிறுத்தி மூச்சு வாங்கினாள். பாசியும் மண்ணும் தொண்டையில் உரசிக்கொண்டு இறங்கின. கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுப் போத்தலைக் கவிழ்த்துக் காட்டினாள். ருசி மட்டும் தெரியவில்லை. உப்பாக இருந்தாலும் சீனியாக இருந்தாலும் அவளுக்கு அது ஈரம்தான்.

அப்போதும் விடவில்லை. நடைபாதை விளிம்பில் உட்காரச் சொன்னார்கள். விழுகிறாளா, வாந்தி எடுக்கிறாளா என்று பார்க்க ஓர் ஆமிப் பையனைத் துவக்கோடு எதிரில் நிறுத்தினார்கள். பஸ் அவளை விட்டுவிட்டுப் போனது. வெயில் ஏறியது. அவள் உடம்பை அவன் பார்த்தான், அவளும் தன் உடம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து மணி, பதினொன்று. கீரை உரப்பைக்குள் அவிந்தது. ஒரு மணிக்கு மேல் அதிகாரி வந்து, எதுவும் நடக்கவில்லை என்று கண்டு, போகச் சொன்னார். வெற்றுப் போத்தலை மட்டும் அவர்கள் வைத்துக்கொண்டார்கள்.

இனி வெள்ளவத்தைக்குப் போவதில் அர்த்தமில்லை. ஹெந்தளைக்குத் திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். திறங்க என்றோ மூடுங்க என்றோ. பாதிக்குப் பாதி சரியாக இருக்கும். சரியாக இருந்தால் பாத்தி மிஞ்சும். தவறிப்போனால் பதினொரு குடும்பமும் இன்னும் ஒன்றரை வருஷம் மூட்டை தூக்கும். அமாவாசைக்கு மறுநாள் அப்படித்தான் ஒரு வார்த்தை சொன்னாள். அதன் கருகல் பேதுருவின் பாத்தியில் இருக்கிறது.

இறங்கி நடந்தபோது மணி இரண்டே முக்கால். கால்வாய்க் கரையில் எல்லாரும் நின்றார்கள். மயிலம்மாவும் நின்றாள். தண்ணீர் நன்றாக இறங்கி, கரைச் சேறு கறுப்பாகத் தெரிந்தது. அழகரின் கை பலகையில் இருந்தது.

“சொல்லு புள்ள.”

ஆறாயி உரப்பையை இறக்கி வைத்தாள்.

“எனக்கு ருசி தெரியாது மாமா. காய்ச்சல்ல போயிருச்சு. ஒரு மாசமாகப் போகுது.”

அழகரின் கை பலகையை விட்டது. அவளே மிச்சத்தையும் சொன்னாள். அமாவாசைக்கு மறுநாள் குத்துமதிப்பாகச் சொன்னது, பிறகு வெள்ளவத்தைக்குத் தண்ணீர் கொண்டு போனது, இன்றைக்குப் பாலத்தடியில் நடந்தது. பேதுருவின் முகத்தைப் பார்க்காமல்தான் அவன் பாத்தி கருகின காரணத்தைச் சொன்னாள். பேதுரு மண்வெட்டியைக் கீழே போட்டான். மூன்று பிள்ளைக்காரன் நான், உரக்காரன் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டுவிட்டு வந்தேன், நீ பக்கத்துப் பாத்தியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய் என்றான். அவன் குரல் உயரவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

“நாக்கு இல்லன்னா நாக்குப் பங்கும் இல்ல. அந்த வீட்டுல சேறள்ள ஆளும் இல்ல. பாத்தியை விட்டுக் குடுத்துறச் சொல்லுங்க மாமா. வேற என்ன நியாயம் இருக்கு?” என்று அழகரைக் கேட்டான்.

“அது பொறகு. இறக்கம் ஒரு மணி நேரந்தான். மொதல்ல தண்ணிக்கு வழி சொல்லுங்க,” என்றார் அழகர்.

வழி யாருக்கும் தெரியவில்லை. அழகர் குனிந்து ஒரு வாய் அள்ளிக் கொப்பளித்தார். சிவப்பாகத் துப்பினார். தலையாட்டினார். இன்னும் நாலு பேர் கொப்பளித்தார்கள். ஒருவர் உப்பு என்றார், ஒருவர் இல்லை என்றார். ஐந்து சிரட்டை வைத்துப் புது நாக்கைத் தேடப் பொழுதில்லை.

ஆறாயி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. பஸ்ஸில் வரும்போதே தொடங்கின தாகம் இப்போது தாங்க முடியாமல் போய்விட்டது. பந்தலடியில் இருந்த பானைக்குப் போய் ஒரு செம்புத் தண்ணீர் குடித்தாள். இன்னொன்று குடித்தாள். மூன்றாவதையும் நின்ற நிலையில் குடித்துவிட்டு நாலாவதுக்குப் பானைக்குள் கையை விட்டாள். அப்போதுதான் எல்லாரும் தன்னைப் பார்ப்பதைக் கண்டாள்.

“அந்தப் போத்தல்ல எம்புட்டுத் தண்ணி இருந்துச்சு?” என்று கேட்டார் அழகர்.

“ஒரு போத்தல் நெறைய, மாமா.”

“வெயில்ல மூணு மணி நேரம் குந்தினா யாருக்குத்தான் தாகம் எடுக்காது? அதுவும் அவ குடிச்சது விடியத்துத் தண்ணி. இது இறக்கத்துத் தண்ணி,” என்றான் பேதுரு.

“நீ சொல்றதும் சரிதான்,” என்று சொல்லிவிட்டு அழகர் செம்பை வாங்கினார். கால்வாயில் இறங்கினார். இடுப்பளவில் நின்று, மேல் பாசியை ஒதுக்கிவிட்டு ஒரு செம்பு மொண்டு முழுக்கக் குடித்தார். இரண்டாவதையும் குடித்தார். ஏறி வந்து பந்தல் நிழலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“நாக்கு பொய் சொல்லும். உப்பு உள்ள போனா தாகம் எடுக்கும், ஒடம்பு சொல்லட்டும். நெழல்ல குந்திப் பாப்போம்.”

வயிற்றால் போகும் மாமா என்றாள் மயிலம்மா. போனால் போகட்டும், அதற்கு ஆஸ்பத்திரி இருக்கிறது, கீரைக்கு இல்லை என்றார் அவர். அடுத்து ஒருவர் இறங்கினார். பிறகு இன்னொருவர். வீட்டுக்கு ஒருவராகப் பத்துப் பேர் குடித்தார்கள். கடைசியாகப் பேதுரு, யாருக்கோ காட்டுகிற மாதிரி மூன்று செம்பு குடித்துவிட்டு வந்து ஆறாயிக்கு எதிரில் உட்கார்ந்தான். பானை நடுவில் இருந்தது. யாரும் அதைத் தொடக்கூடாது என்று அழகர் சொன்னார்.

கரையில் ஒரு குச்சியை நட்டு வைத்தார்கள். தண்ணீர் திரும்பி ஏறத் தொடங்கினால் குச்சி சொல்லும். யாரும் வெற்றிலை போடவில்லை. பந்தலுக்கு வெளியே பாத்திகள் சாம்பல் நிறமாகக் கிடந்தன. கால் மணி போனது. ஒருவர் உதட்டை நக்கினார். பத்துத் தலையும் அவர் பக்கம் திரும்பின. அவர் கோபமாக, ஈ உட்கார்ந்தது என்றார். அரை மணி போனது. இறக்கம் வீணாகப் போகிறது, திறந்துவிடுவோம் என்று ஒருவர் முனகினார். அழகர் குச்சியைப் பார்த்தார். அவர் தொண்டை ஏறி இறங்குவதை ஆறாயி பார்த்தாள். அது தாகமா, வயதா என்று தெரியவில்லை. அவளுக்கே இன்னும் ஒரு செம்பு வேண்டியிருந்தது. ஆனால் இப்போது எழுந்தால் தன் பாத்திக்காகச் செய்கிறாள் என்பார்கள். நாக்கை மேலண்ணத்தில் ஒட்ட வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

குச்சியடியில் தண்ணீர் நின்ற இடத்திலேயே நின்றது. இனி ஏறும்.

பேதுரு எழுந்தான்.

ஒன்றுக்குப் போகிறான் என்றுதான் நினைத்தார்கள். பந்தல் ஓரம் வரை போனான். இடுப்பில் கை வைத்துக்கொண்டு தன் பாத்தியைப் பார்த்தபடி நின்றான். பிறகு திரும்பி நேரே பானைக்கு வந்து, செம்பை முக்கி, அண்ணாந்து குடித்தான். தண்ணீர் அவன் நெஞ்சில் வழிந்தது. இரண்டாவது செம்பையும் முக்கிக் குடித்தான்.

“தொண்ட ஒட்டுது மாமா. மூடியே இருக்கட்டும்,” என்றான்.

அவன் சொல்லி முடிக்குமுன் இன்னும் மூன்று பேர் பானையைச் சுற்றிவிட்டார்கள். அழகர் எழுந்து போய், பலகைக்கு இரண்டு பக்கமும் ஆப்பு வைத்து அடித்தார். இடுக்கில் சேறு அப்பினார். திரும்பி வந்து அவரும் குடித்தார். இன்று சாயந்திரமே கங்குன் பாத்திகளை விட்டுவிட்டு, கிணற்றில் ஊறுகிறதை வல்லாரைக்கு மட்டும் ஊற்றுவது, நாளைக்கும் இறக்கத்தில் வீட்டுக்கு ஒரு ஆள் குடித்துப் பார்ப்பது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பிறகு ஆறாயி பக்கம் திரும்பினார்.

“நீ பண்ணினது தப்பு புள்ள. காய்ச்சல் வந்தது தப்பில்ல, மறைச்சது தப்பு. நாக்குப் பங்கு இனி கெடையாது.”

“சரி மாமா.”

“ஞாயித்துக்கெழம சேறு. ஒன் வீட்டுல யாரு வர்றா?”

மயிலம்மா வாயைத் திறந்தாள். ஆறாயி அவளுக்கு முன்னால் சொன்னாள்.

“நான்தான் வருவேன்.”

பொம்பளை வாய்க்காலில் இறங்கினதில்லை என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஆம்பிளை கால்வாய்த் தண்ணீரைக் குடித்துவிட்டுக் குந்தினதும் இல்லை என்று மயிலம்மா திருப்பிக் கொடுத்தாள். ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். அழகர் சிரிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. மேலே போட்டிருந்த துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றடிக்கு நடந்தார்.

பேதுரு கீழே கிடந்த மண்வெட்டியை எடுத்தான். அதன் காம்பைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

“என் பாத்திக்கு நீ பதில் சொல்லணும் அக்கா. அதை நான் மறக்க மாட்டேன்.”

“மறக்க வேணாம்.”

“ஞாயித்துக்கெழம மடைக்கிட்ட எறங்காத. அங்க கழுத்து வரைக்கும் சேறு. என் பக்கத்துல நில்லு, அங்கதான் ஆழம் கொறவு.”

சொல்லிவிட்டு அவன் வாளியைத் தேடிப் போனான். ஆறாயி பானையை எட்டிப் பார்த்தாள். அடியில் ஒரு செம்புதான் இருந்தது. அதை மயிலம்மாவுக்கு எடுத்துக் கொடுத்துவிட்டு, அவிந்த கீரையை உரப்பையிலிருந்து கொட்டி, வாளிக்கு வரிசையில் போய் நின்றாள்.